கோகிலவாணியின் இடம்

குடித்துவிட்டு டம்ளரைக் காலியாக வைக்காதீர்கள். கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கட்டும். ஆமாம், அந்த அளவு போதும். நீங்கள் வந்து மூன்று நாள்தானே ஆகிறது, பழகிவிடும். எனக்கும் ஆரம்பத்தில் இதெல்லாம் மறந்து மறந்து போகும்.

கதவு சாத்தியிருக்கிறதே என்று பார்க்க வேண்டாம். காற்றுக்குச் சாத்தியது. உட்காருங்கள்.

சௌந்தரம் அக்கா உங்களிடம் பாதிதான் சொல்லியிருப்பார். மீதியை நீ சொல், உனக்குத்தான் பொறுமை அதிகம் என்று என்னிடம் விட்டுவிட்டார். விஷயம் இதுதான். காலை பஸ்ஸில் என் அப்பா வருகிறார். வெளிக்கேட்டில் நின்று, என் மகள் மேகலாவைக் கூப்பிடுங்கள் என்பார். அப்போது எழுந்து போய் அவர் முன்னால் நின்று ‘அப்பா’ என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். இன்று மட்டும் அல்ல, இனிமேல் எப்போதும். உங்களை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். நீங்களாகச் சம்மதிக்க வேண்டும். தெரியாமல் சம்மதிக்கக் கூடாது என்பதால் அவர் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். எதையும் மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

இப்படி விழிக்காதீர்கள். நானும் இப்படித்தான் விழித்தேன்.

நான் இங்கே வந்தது உங்களைப் போலத்தான். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்க. எங்கள் ஊர் தம்மம்பட்டியைத் தாண்டி உள்ளே. எங்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு ஜவ்வரிசி மில்லில், மாவு காயவைக்கும் களத்தில் வேலை. நாள் முழுக்க ஈர மாவில் நின்று கால் விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக வெந்திருக்கும். அவர் என்னை ஒருநாளும் ‘படி’ என்று சொன்னதில்லை. அதுதான் கஷ்டம். திட்டியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் தாண்டிப் போவார். தெருவில் எல்லோரும் அப்படித்தான். என்னைப் பார்த்ததும் டி.வி. சத்தத்தைக் குறைப்பார்கள். முதல் தடவை எழுதினேன், வரவில்லை. இரண்டாம் தடவையும் வரவில்லை. அப்போதும் சத்தத்தைக் குறைத்தார்கள்.

அதனால்தான் டவுனுக்கு வந்தேன். பைபாஸ் ஓரத்தில் பெண்கள் விடுதி, மலிவு, சாப்பாடு சுத்தம் என்று கோச்சிங் சென்டரில் சொன்னார்கள். நிறைவில்லம் என்ற பெயரைப் பார்த்து ஏதோ தியான மடம் என்று நினைத்தேன். சுவரில் ஒரு சாமி படம்கூட இல்லாதது உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது.

இந்த இல்லத்தை நடத்தும் அக்கா முன்பு கல்லூரியில் தத்துவம் நடத்தியவர். முதல் நாள் என்னிடம் சொன்னது இது. கிரேக்க நாட்டில் ரொம்ப காலத்துக்கு முன்பு சிலர் உட்கார்ந்து யோசித்தார்களாம். இருப்பது இருக்கிறது. இல்லாதது இல்லை. இல்லாதது இல்லை என்றால், இதற்கும் அதற்கும் நடுவே பிரித்துக் காட்ட எதுவும் இல்லை. ஆகவே எல்லாம் ஒன்றே. இடைவெளி கிடையாது, ஓட்டை கிடையாது, குறை கிடையாது. அந்த ஒன்று கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அக்கா இதைச் சொல்லும்போது பருப்பு கடைந்துகொண்டிருந்தார். மத்தை நிறுத்தாமலே சொன்னார். எனக்குப் பயமாக இல்லை. கணக்கில் நிறுவுவது போல ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. எங்கே தப்பு என்று யோசித்துப் பார்த்தேன், அகப்படவில்லை.

இதே கொள்கையில் வேறு கூட்டங்களும் உண்டு. ஈரோட்டுப் பக்கம் இருப்பவர்கள், அந்த ஒன்று நீர்தான் என்று பிரிந்து போனவர்கள். அவர்களைப் பார்த்தால், இங்கேயே தங்கி வேலை பார்க்கும் நம் அண்ணன்மார், ‘தண்ணி பார்ட்டி வருது’ என்பார்கள். ஓமலூர்ப் பக்கம் இன்னொரு கூட்டம், அசைவு என்பதே பொய் என்று சொல்லி வீட்டை விட்டு அசைவதில்லை. அவர்களுக்குக் காய்கறி யார் வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று நான் கேட்டபோது அக்காவே சிரித்துவிட்டார். எல்லாம் ஒன்று என்று சொல்பவர்கள் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கும் சிரிப்பு வரும். நாம் நிறைவர்கள். நமக்கு இருப்பது ஒரே நியமம்தான். எதையும் காலியாக விடக் கூடாது.

பாத்திரம் கழுவினால் உடனே தண்ணீரோ அரிசியோ போட்டுவைக்க வேண்டும். சுவரில் இருந்த மாடங்களையெல்லாம் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள், பார்த்திருப்பீர்கள். காலி சாக்கு வந்தால் மணல் அடைத்துத்தான் உள்ளே எடுப்பார்கள். இதில் என்ன அதிசயம்? பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை நம் ஊரில் யாராவது வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிறார்களா? ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தானே கொடுக்கிறோம். அதேதான் இது, கொஞ்சம் முழுமையாக. அப்படித்தான் எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

கோகிலவாணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய கோகிலவாணி.

அவளுக்கு ராசிபுரத்துப் பக்கம். ஜெராக்ஸ் கடையில் வேலை செய்துகொண்டு இங்கே தங்கியிருந்தாள். என் பாய்க்குப் பக்கத்துப் பாய். வாய் சும்மா இருக்காது. நான் கணிதம் என்றதும் கேட்ட முதல் கேள்வியே, “கணக்குப் படிச்ச நீ பூஜ்யம் இல்லேங்கறத எப்படிடி நம்பற? உனக்கு மார்க் போட அது வேணுமே?” என்பதுதான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஆனால் அவள் கெட்டவள் இல்லை. பரீட்சைக்கு முதல் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்து கஞ்சி வைத்தாள். குடித்த கிண்ணத்தை வேண்டுமென்றே காலியாகக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நான் அவள் போன பிறகு எழுந்து அதில் தண்ணீர் ஊற்றினேன்.

அவளுக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. அம்மா தனியாக இருக்கிறாள் என்றாள். இங்கிருந்து போகிறேன் என்று சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை. நீங்கள் போனால் உங்கள் இடம் காலியாகும் அல்லவா? இன்னொருவர் வந்து நிறைக்கும் வரை பொறுக்க வேண்டும். அவள் பொறுக்கவில்லை. ஒரு நாள் கூட்டத்தில் எழுந்து கேட்டாள்.

“அக்கா, எடைவெளியே இல்லேன்னா நாம எப்படி நடக்கறோம்? காலு வெக்க எடம் வேணுமில்ல?”

“நடக்கறதா தோணுது கோகிலா,” என்றார் அக்கா.

“அப்படீங்களா. எனக்கு எங்க வீட்டுக்கு நடந்து போற மாதிரி தோணுது. கேட்டத் தொறந்து விடற மாதிரி உங்களுக்கும் தோணட்டும்.”

நானும் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. கட்டட வேலை பார்க்கும் அண்ணன்மார் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் காயப்போட்ட துணியை எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். கிணற்றடியில் அண்ணன்மார் அவளிடம் பேசிப் புரியவைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. நான் துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்தவர் பேசிக்கொண்டிருக்கும்போது நிற்பது மரியாதை இல்லை. சத்தம் கேட்டதா என்கிறீர்களா? ஏதோ கேட்டது. கிணற்று ராட்டினம் என்று நினைத்து மடிப்பதில் கவனமாக இருந்துவிட்டேன். அந்தக் கிணற்றில் ராட்டினம் கிடையாது, மோட்டார்தான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையில் அவள் பாய் காலி. போய்விட்டாள் என்றார்கள். சொல்லிக்கொள்ளாமல் போனாளே என்று எனக்கு வருத்தம். பெட்டியைக்கூட எடுத்துப் போகவில்லை. அன்றைக்கே குவாரியிலிருந்து லாரி வந்து பின்கட்டுக் கிணற்றைக் கல்லும் மண்ணும் போட்டுத் தூர்த்தார்கள். அவ்வளவு பெரிய வெற்றிடத்தை வீட்டுக்குள் இத்தனை நாள் எப்படி விட்டுவைத்திருந்தோம் என்று அக்காவே சொன்னார். யோசித்துப் பாருங்கள், நியாயம்தானே? ஒரு டம்ளருக்கு இத்தனை பார்க்கிறோம். இப்போது அதன்மேல் வாழை நட்டிருக்கிறது. நேற்று நீங்கள் இலை நறுக்கினீர்களே, அந்த வாழைதான்.

முகம் ஏன் இப்படிப் போகிறது? தண்ணீர் குடியுங்கள். மிச்சம் வையுங்கள்.

பாயை என்ன செய்வது என்பதுதான் அப்போது கேள்வி. சாப்பாட்டு வரிசையில் அவள் இடம் பல் விழுந்த மாதிரி தெரிந்தது. யாருக்கும் சோறு இறங்கவில்லை. அக்கா வரிசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “நீ நகர்ந்து உட்காரும்மா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் நகர்ந்து உட்கார்ந்தேன். பரிமாறிய பெண் சாதாரணமாக, “கோகிலா, ரசம்?” என்றாள். நான் தட்டை நீட்டினேன்.

எப்படி நீட்டினாய் என்றுதானே கேட்கிறீர்கள்? உண்மையைச் சொல்கிறேன். அந்த வாரம் மூன்றாம் தடவை எழுதியதற்கு ரிசல்ட் வந்திருந்தது. மேகலாவின் எண் அதில் இல்லை. அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருந்தேன். ‘கோகிலா, ரசம்?’ என்று கேட்டதும் அந்தக் கல் விலகியது. கோகிலவாணி பரீட்சையே எழுதவில்லை. அவளுக்காக எந்தத் தெருவிலும் யாரும் டி.வி. சத்தத்தைக் குறைக்கவில்லை. அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். பி.எஸ்சி. சேர்ந்த நாளிலிருந்து அப்படித் தூங்கியதில்லை.

அவள் அம்மா மாதம் ஒரு தடவை வருவார். பாவாயி என்று பெயர். அதன் பிறகு முதல் தடவை வந்தபோது நான்தான் கேட்டுக்குப் போனேன். ‘அம்மா’ என்றேன். அந்த அம்மா என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

“எம்புள்ளயக் கூப்புடு கண்ணு.”

“நான்தாம்மா. கோகிலவாணி.”

வெயிலில் கண் தெரியவில்லையோ என்பதுபோல முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அக்கா வந்து, உட்கார வைத்து, காபி கொடுத்து, எல்லாவற்றையும் விளக்கினார். பிள்ளை என்பதும் ஒன்றுதான், இவள் அவள் என்பதெல்லாம் நம் கண் போடும் கோடு என்றார். அந்த அம்மா, “இவ எம்புள்ள இல்லீங்க, இவ எம்புள்ள இல்லீங்க” என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். முதல் தடவை அப்படித்தான் இருக்கும். உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாம் தடவை வந்தபோது கத்தவில்லை. எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கடுத்த தடவை முறுக்கு சுட்டுக் கொண்டுவந்தார். பிறகு ஒரு தடவை கேட்டுக்கு வெளியே டீக்கடைப் பெஞ்சில் என்னை உட்கார வைத்து, தலையில் எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்தார். தெருவே பார்த்தது. டீக்கடைக்காரர், “என்னம்மா, மகளுக்குத் தலை வாரியாகுதா?” என்று கேட்டதற்கு அந்த அம்மா, “ஆமாங்க” என்றார். எங்கள் அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே தவறிவிட்டார். என் தலையில் ஒரு பெண் கை வைத்து எத்தனையோ காலம் ஆயிற்று. கொள்கை சரி என்பதற்கு இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும் என்று நினைத்தேன். பெற்றவளே ஒப்புக்கொண்டாள் அல்லவா?

ஒப்புக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். சிக்கெடுத்துக்கொண்டே குனிந்து என் காதோடு கேட்டார்.

“சாமி, உனக்கு எம்மேல எரக்கம் இருந்தாச் சொல்லு. அவ உசுரோட இருக்காளா?”

எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். “இருக்கறது எங்கயும் போகாதும்மா.”

கை கொஞ்சம் நின்றது. மறுபடி சீப்பு ஓடியது. “பின்னால கெணறு இருந்துதுல்ல? மின்ன வந்தப்ப அங்க தொட்டித் தண்ணி மோந்து குடிச்சேன். அத எப்பத் தூத்தாங்க?”

நான் யோசித்துப் பார்த்துச் சரியாகச் சொன்னேன். கோகிலவாணியின் பாய் காலியான அன்றைக்கே என்று. தேதி விஷயத்தில் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்பது எனக்கு எப்போதும் உண்டு. அந்த அம்மா பின்னலை முடிக்கவில்லை. சீப்பு என் தலையிலேயே குத்தியிருக்க, எழுந்து நடந்து போய்விட்டார். நான் அதை உள்ளே வந்து அக்காவிடம் சொன்னேன். நடந்ததைச் சொல்வதுதானே முறை?

அடுத்த நாள் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகளைக் காணோம், இந்த வீட்டில் கொன்று கிணற்றில் போட்டு மூடிவிட்டார்கள் என்று புகார். போலீஸை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. அக்கா அமைதியாக, “இதோ இருக்கிறாளே கோகிலவாணி” என்று என்னை முன்னால் நிறுத்தினார். ஏட்டு, அவள் விட்டுப்போன பெட்டியிலிருந்த ஆதார் அட்டையை வாங்கி, என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுல இருக்கறது நீதானா?”

நான் தலையை ஆட்டினேன். அவர் பெருமூச்சு விட்டார். “என் ஆதாரப் பாத்தா எம்பொண்டாட்டியே யாருன்னுதான் கேக்கறா. இத வெச்சு என்னத்தச் சொல்றது.”

பிறகு வெளியே போய் டீக்கடைக்காரரை விசாரித்தார். அவர் பொய் சொல்லவில்லை. இந்தப் பெண்ணைப் பார்க்க இந்த அம்மா மாதாமாதம் வரும், முறுக்கு கொண்டுவரும், நேற்றுக்கூட என் பெஞ்சில்தான் உட்கார வைத்து மகளுக்குத் தலை வாரியது, நானே கேட்டேன், ஆமாம் என்றது. பக்கத்தில் பஞ்சர் கடைக்காரரும் அதையே சொன்னார். ஏட்டு திரும்பி வந்து அந்த அம்மாவிடம், “ஏம்மா, தலை வாரி விட்டியா இல்லையா?” என்றார்.

பாவாயி அம்மா தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

“வாரி விட்டியாம்மா?”

“விட்டேங்க,” என்றார். “எம்புள்ளயப் பத்தி ஒரு வார்த்த சொல்லுவாளான்னு பாத்தேங்க.”

புருஷன் இறந்ததிலிருந்தே அந்த அம்மாவுக்கு மனது சரியில்லை என்று அக்கா ஏட்டிடம் தனியாகச் சொன்னார். ஏட்டு காபி குடித்தார். டம்ளரைக் காலியாகத்தான் வைத்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

போகும்போது அந்த அம்மா என் பக்கத்தில் வந்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “உன்னையும் ஒருத்தி பெத்துத்தான போட்டிருப்பா. உங்க ஊரு எது கண்ணு?” என்றார். ராசிபுரம் என்றேன். கோகிலவாணிக்கு அதுதானே ஊர்? அவர் என் காலைப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பக்கம் ஜவ்வரிசி மில் களத்தில் நின்றவர்களுக்குக் கால் விரல் நகத்தில் ஒரு வெளுப்பு விழும். நானும் லீவு நாளில் அப்பாவோடு களத்தில் நின்றவள்தான். அந்த வெளுப்பு போகாது. அந்த அம்மா அதை அப்படிப் பார்ப்பார் என்று நான் எண்ணவே இல்லை. மில் மில்லாகப் போய், இங்கே படிக்கப் போன பெண் யாருக்கு இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறார். வாரக்கணக்கில் அலைந்திருக்க வேண்டும். போன புதன்கிழமை அப்பாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதுவரை அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. போன் வந்தால் மேகலா படித்துக்கொண்டிருக்கிறாள் என்று அக்கா சொல்லிவிடுவார். அப்பாவும் சரிங்க, தொந்தரவு பண்ண வேண்டாம் என்று வைத்துவிடுவார். எத்தனை மாதமானாலும் அப்படியே இருந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், என் பெண்ணை நான் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வியாழக்கிழமை போனில் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை மத்தியானம்தான் நீங்கள் பையோடு வந்து சேர்ந்தீர்கள். அக்கா உங்களை நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் இதுதான். சொல்லாமல் விட்டால் தப்பு.

இப்போது உங்களுக்குத் தோன்றும். நீயே எழுந்து போய், அப்பா நான்தான் மேகலா என்று சொல்லிவிடலாமே என்று. நானும் யோசிக்காமல் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் எழுந்தால் கோகிலவாணியின் இடம் காலியாகும். காலி என்று ஒன்று இந்த வீட்டில் தெரிந்துவிட்டால் எல்லோரும் அங்கேதான் பார்ப்பார்கள். ஏட்டு திரும்பி வருவார். வாழையைப் பிடுங்குவார்கள். அக்கா என்ன ஆவார், இத்தனை பேர் எங்கே போவோம்? கிணற்றடியில் பேசிய அண்ணன்மார் இன்று காலையிலிருந்து இந்தக் கதவுக்கு வெளியேதான் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்குத் துணையாகத்தான். ஆனால் நான் கதவைத் திறந்தபோது ஒருவர் எழுந்துகொண்டார்.

அதனால் நீங்கள் போவதுதான் எல்லோருக்கும் நல்லது. பாவாயி அம்மா சொல்லியிருப்பார், நீங்கள்தான் மேகலா என்று அப்பா நம்ப மாட்டார்தான். அக்கா அதற்கும் சொன்னார். நம்ப வேண்டியது அவர் இல்லை, பார்க்கிறவர்கள். அவர் கோபப்பட மாட்டார், அப்படிப்பட்ட ஆள் இல்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு நிற்பார். உள்ளே வாங்க என்றாலும் வர மாட்டார், கால் சுத்தமில்லை என்பார். நீங்கள் அழாமல் இருந்தால் போதும். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். எதைச் சொன்னாலும் நல்லது நல்லது என்பார். பரீட்சை என்ன ஆனது என்று கேட்கவே மாட்டார், பயப்படாதீர்கள். அடுத்த மாதமும் வருவார், அதற்கடுத்த மாதமும் வருவார். ஒரு நாள் ஏதாவது வாங்கிக்கொண்டு வருவார். அதை டீக்கடைப் பக்கம் நின்று வாங்கிக்கொள்ளுங்கள். அக்கா அதை முக்கியமாகச் சொல்லச் சொன்னார்.

உங்களுக்கு ஊரில் யார் இருக்கிறார்கள்? அண்ணன் மட்டும்தானா? அவர் அடிக்கடி வருவாரா? சும்மா கேட்டேன்.

எழுந்திருக்காதீர்கள். இன்னும் நேரம் இருக்கிறது. பையை ஏன் எடுக்கிறீர்கள்? கேட்டைத் தாண்டிப் போக முடியாது. அதாவது, இப்போது முடியாது. நான் சொன்னதில் எதுவும் பொய் இல்லை, அப்படியிருக்க எதற்காக இப்படி நடுங்குகிறீர்கள்? எதையாவது விட்டுவிட்டேனா? பெயர், ஊர், மில், பரீட்சை, அம்மா தவறியது. இவ்வளவுதான் மேகலா. இதைத் தெரிந்துகொண்டால் நீங்கள் மேகலாதான். வேறு என்ன இருக்கிறது?

பஸ் நின்ற சத்தம்.

அவர்தான். கூடவே அந்த அம்மாவும் வந்திருக்கிறார் போல, பேச்சுக் குரல் கேட்கிறது. அக்கா கேட்டைத் திறக்கப் போயிருப்பார். சேலையைச் சரிசெய்துகொள்ளுங்கள். முகத்தைத் துடையுங்கள். அவர் மேகலா என்று கூப்பிட்டதும் போங்கள். அவசரப்படாமல் நடந்து போங்கள்.

ஏன் அவர் மேகலா என்று கூப்பிடவில்லை?

மொச்சை. ஆமாம், அதுதான் கூப்பிடுகிறார். பிறந்தபோது மொச்சைக்கொட்டை அளவுதான் இருந்தேனாம். வீட்டுக்கு வெளியே அப்படிக் கூப்பிடக் கூடாது என்று காலேஜ் சேர்ந்தபோது சத்தியம் வாங்கியிருந்தேன். உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். இல்லை, மறக்கவில்லை. சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். அது ஒன்றை மட்டும்.

மறுபடி கூப்பிடுகிறார். சத்தமாகக் கூப்பிடுகிறார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

நான் எங்கேயும் போகவில்லை. கால் மரத்துப்போனது, அதனால்தான் எழுந்து நிற்கிறேன். கதவில் கை வைத்தால் திறக்கப் போகிறேன் என்று அர்த்தமா? வெளியே பெஞ்சு நகரும் சத்தம் கேட்கிறதா உங்களுக்கு? போங்கள். தயவுசெய்து சீக்கிரம் போங்கள். ஏன் என்னையே பார்க்கிறீர்கள்? அவர் கூப்பிடுவது உங்களைத்தான்.